பார்த்தவர் பெயர்

நஸ்ரின்,

உன் இரண்டு பெட்டிகளையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சிவப்புப் பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தொட்டுவிட்டது. சாம்பல் பெட்டியில் இன்னும் ஒரு கிலோவுக்கு இடம் இருக்கிறது. நீயும் அத்தாவும் கனடாவின் கால்கரி குளிருக்குத் தடித்த கோட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்து, அந்த ஒரு கிலோ இடத்தில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நாளை நீ விமானம் ஏறி, அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது கையில் கிடைக்கும். தமிழில் எழுதுகிறேன். நீ மெதுவாகத்தான் படிப்பாய், மெதுவாகவே படி. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நான் ஆபீஸ் மெயில் எழுதுகிறவளாகிவிடுகிறேன். எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே கடிதத்தை முடித்துவிடுவேன்.

போன வாரம் சமையலறையில் நீ சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது. அடுத்த மாதம் உனக்கு இருபத்தொரு வயது ஆகிறது. அன்றோடு எங்கள் விசாவில் ஒட்டிக்கொண்டு நீ இந்த நாட்டில் இருக்க முடியாது. மூன்று வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து வந்தவள், எங்கள் கிரீன் கார்டு வரும் வரும் என்று காத்திருந்தே பட்டப்படிப்பை முடித்துவிட்டாய். அது வரவில்லை. "ஸ்டூடண்ட் விசாவுக்கு மாத்திக்கிட்டு இங்கேயே மாஸ்டர்ஸ் பண்ணலாமேம்மா" என்று நான் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். நீ கோபப்படக்கூட இல்லை. "மா, ஐ'ம் டயர்ட். இன்னொரு ஃபார்ம், இன்னொரு லைன், எனக்கு வேண்டாம்" என்றாய். பிறகு தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாய்: "கோச் மெர்சியும் இப்படித்தானே போனாங்க? எல்லாருக்கும் அவங்களைப் பிடிக்கும். பட் நோபடி டிட் எனிதிங். வீ ஆர் தட் கைண்ட் ஆஃப் பீப்பிள், மா." நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூன்று தண்ணீர் போதும். ஏழெட்டு முறை களைந்தேன்.

மெர்சி இப்போது கால்கரியில்தான் இருக்கிறார் என்று நீயே தேடிக் கண்டுபிடித்துவிட்டாய். வருகிற சனிக்கிழமை அவர் வீட்டில் உனக்குச் சாப்பாடு. நடந்ததை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். அவர் குணம் எனக்குத் தெரியும். ஆனால் நீ அது தெரியாமல் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் நான் சொல்லியாக வேண்டும். நீ ஊகித்தது சரிதான், மெர்சி கனடாவில் நல்ல வேலை கிடைத்துப் போகவில்லை. அது நான் உன்னிடம் சொன்ன பொய். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார் என்பதும் பொய். நீ சொன்ன அந்த 'நோபடி'யில் முதல் ஆள் உன் அம்மா.

உன் பதினாலாவது வயதில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் டவுன்ஷிப் மைதானத்துக்கு உன்னைக் கால்பந்துப் பயிற்சிக்காக வாரத்தில் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போவேன். மற்ற அம்மாக்கள் ஒரு வரிசையாக மடக்கு நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் தனியாகப் போட்டுக்கொள்வேன். பேச வராது என்பது ஒரு காரணம். பேசாமல் இருந்தால் நிறையப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. உன் கோச் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் பயிற்சியின் நடுவே நேராக என்னிடம் வந்து, "நீங்கள் யாருடைய அம்மா?" என்று கேட்டார். "நஸ்ரின்" என்றேன். "அப்படியென்றால் நீங்கள் பானா நஸ்ரின்" என்றார். அவருடைய ஊரில், சாம்பியாவில், பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். பிள்ளையின் பெயரைச் சொல்லி அதன் அம்மா என்பார்களாம். எங்கள் தெருவிலும் அப்படித்தான் என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்குப் பானா நஸ்ரின். என் சொந்தப் பெயரை அவர் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் இடி மின்னல் என்று பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். நீங்களெல்லாம் ஷெட்டுக்கு அடியில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தீர்கள். மெர்சி நம் மினிவேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கையோடு ஒரு காகிதத்தை நீட்டினார். அவருடைய வக்கீல் கொடுத்த பட்டியல். கிளப் கொடுத்த வேலை விசா முடியப்போகிறது. தனித்திறமை உள்ளவர்களுக்கென்று ஒரு கிரீன் கார்டு இருக்கிறது. அதற்கு அவர் தன் ஆட்டத்தை, தன் கோல்களை, எல்லாவற்றையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். "உங்கள் ஆட்களுக்குத்தான் இந்தக் காகித விஷயமெல்லாம் தெரியும் என்கிறார்கள், பானா நஸ்ரின்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருடம் ஒரே வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேறு என்ன தெரியும்? நான் செய்து தருகிறேன் என்றேன். என் வாழ்க்கையில் ஒருவர் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே நான் ஒப்புக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

உன்னை சனிக்கிழமைகளில் மேத்ஸ் கிளாஸில் விட்டுவிட்டு நான் லைப்ரரிக்குப் போனது அதற்காகத்தான். ஆபீஸ் வேலை இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். மாடியில் ஜன்னலோர மேஜை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள். எனக்குத் தெரிந்த முறையில்தான் செய்ய முடியும். கட்டம் போட்டேன். எந்த ஊர், யாருக்கு எதிராக, எந்தக் காலால், பந்தைக் கொடுத்தது யார், கடைசிக் கட்டத்தில் பார்த்தவர் பெயர். மெர்சி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தேதி நினைவிருக்காது, மழையும் வெயிலும் நினைவிருக்கும். "ஆக்னஸ் கொடுத்தது. இடது கால். மழை. கோல்கீப்பர் அழுதாள்." நான் கேட்பேன்: "யார் பார்த்தது? பேப்பரில் வந்ததா? வீடியோ இருக்கிறதா?" இல்லை என்றால், 'உறுதி செய்ய முடியவில்லை' என்று எழுதுவேன். "நீங்கள் ரெஃப்ரியைவிட மோசம், பானா நஸ்ரின்" என்பார்.

அந்த மேஜையில்தான் கோல் அடிக்கிற ஒரு ஸ்டிரைக்கரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். செம்புச் சுரங்கம் இருக்கிற ஊரில் பிறந்தவர். சுரங்கக் கம்பெனியின் ஆண்கள் அணி பயிற்சி முடித்துப் போன பிறகு, வெளிச்சம் மங்கும் வரை பெண்களுக்கு மைதானம். ஆண்கள் போட்டுக் கழித்த ஜெர்சி முழங்கால் வரை தொங்கும். இடுப்பில் ஷூ லேஸால் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அவருடைய அம்மா சந்தையில் எண்ணெய்ப் பலகாரம் விற்றவர். மகள் ஆடியதைப் பார்க்க ஒரே ஒரு நாள் வந்தாராம். அன்றைக்கென்று பார்த்து மெர்சியை முழு ஆட்டமும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். "எங்கள் அம்மா கடைசிவரை நான் தண்ணீர் பாட்டில் தூக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தார்" என்று சொல்லி லைப்ரரியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அந்த ஆக்னஸ் பிறகு பிரசவத்தில் இறந்துவிட்டாராம். பத்துப் பன்னிரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்தவரும் பார்த்தவரும் அவர் ஒருவர்தான். அந்தக் கட்டங்களை நான் காலியாக விட வேண்டியிருந்தது.

பதினேழு வயதில் நாட்டுக்கு ஆடினார். பிறகு கஜகஸ்தானில் இரண்டு சீசன். மொழி தெரியாது, இடது, வலது, வேகம் என்று மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஆடினாராம். அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில் அவர் அடித்த கோலுக்குக் கீழே அவர் பெயரே இல்லை. 'ஆப்பிரிக்க வீராங்கனை' என்று மட்டும் போட்டிருந்தது. ஸ்வீடனின் வடக்கே ஒரு சிறிய ஊரில் காலையில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, மாலையில் ஆட்டம். துருக்கியில் சீசன் பாதியிலேயே அணியைக் கலைத்துவிட்டார்கள். அந்த அணியின் இணையதளத்தையும் எடுத்துவிட்டார்கள். அங்கே அடித்த கோல்கள் எல்லாம் அதோடு போயிற்று. முட்டி போனது பயிற்சியில், ஒருவரும் எழுதாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எங்கேயும் எட்டு மாதம், பத்து மாதம்தான் ஒப்பந்தம். முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டும். தான் அடித்தது இருநூறு கோலுக்கு மேல் என்பார். என் கட்டங்களில் உறுதியானது அதில் பாதிகூட இல்லை. அந்தப் பாதியைச் சேர்ப்பதற்கே எங்களுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. பழைய சக வீராங்கனைகளுக்கு எழுதினேன். ஒரு பள்ளி ஆசிரியர் வைத்திருந்த ஸ்கோர் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நேரில் பேச வராத எனக்கு, முகம் தெரியாதவர்களுக்கு எழுத நன்றாக வந்தது. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஒரு கோல் மட்டும் நானே நேரில் பார்த்தேன். உனக்கும் நினைவிருக்கும், சீசன் முடிந்த அன்று கோச்சுகளுக்கும் அப்பாக்களுக்கும் வேடிக்கையாக ஒரு ஆட்டம் வைத்தார்களே. உன் அத்தா டிஃபென்ஸ். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மெர்சி அவர் பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே இருந்து செந்தில் அங்கிள் கத்தினார்: "பாய், கோச்சை விட்றாதீங்க!"

"எங்க விட்டேன்? அவங்க நகரவே மாட்டேங்குறாங்க. பாவம், முட்டி வலி போல."

"முட்டி வலியா? பாய், எதுக்கும் ஒருவாட்டி திரும்பிப் பாத்துக்கோங்க!"

உன் அத்தா திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வலையில் கிடந்தது. "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!" என்று அத்தா கையைத் தூக்கினார். செந்தில் அங்கிள் விடவில்லை: "நீங்களே கோல் போஸ்டைக் கட்டிப்புடிச்சிட்டு நிக்கிறீங்க, அப்புறம் எங்க பாய் ஆஃப்சைடு?" எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்னர் கொடிப் பக்கத்திலிருந்து நான் கால் மணி நேரமாக மெர்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பந்தைப் பார்க்கவேயில்லை; உன் அத்தாவின் தோளைப் பார்த்தார். அத்தா பந்துக்காகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அரை அடி பின்னால் போனார். மறுபடி அரை அடி. நாலைந்து முறை. நிற்கிற மாதிரியே இருந்துகொண்டு அவர் பார்வையிலிருந்து முழுதாக வெளியே போய்விட்டார். பிறகு மூன்றே எட்டு, வலது காலின் உட்புறத்தால் ஒரு தட்டு. ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, "இதையும் எழுதுங்கள்" என்றார். வேடிக்கை ஆட்டமெல்லாம் கணக்கில் வராது என்றேன். "ஏன்? பார்த்தவர்தான் நீங்கள் இருக்கிறீர்களே" என்றார். நான் எழுதவில்லை.

பட்டியல் முடிந்த பிறகு வக்கீலிடம் ஃபோனில் பேசினோம். இளம்பெண், வேகமாகப் பேசுவார். பட்டியல் பிரமாதம் என்றார். ஆனால் இதைத் தொகுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர் யாரோ, அவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்; முழுப் பெயர், முகவரி, என்ன வேலை, இங்கே எந்த விசாவில் இருக்கிறார் எல்லாம் வேண்டும்; அது இல்லையென்றால் இது யாரோ டைப் அடித்த காகிதம்தான் என்றார். மெர்சி என் பக்கம் திரும்பி, "உங்கள் சொந்தப் பெயர் என்ன, பானா நஸ்ரின்? இத்தனை நாள் கேட்கவேயில்லையே" என்று சிரித்தார். சொன்னேன். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அன்று வீட்டில் உன் அத்தாவிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நம்ம ஃபைல் உள்ள இருக்கு. அதுல உன் பேரும் என் பேரும் நஸ்ரின் பேரும் சேர்ந்துதான் கிடக்கு. இன்னொருத்தர் கேஸ்ல உன் பேர் வந்தா, இது யாருன்னு ஒருத்தன் நிமிந்து பாப்பான். நம்ம பேரை ஏற்கெனவே ரெண்டு தடவை பாக்குறானுங்க. மூணாவது தடவை நாமளே பாக்க வைக்கணுமா?" அவரைக் குறை சொல்லாதே. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு வருடம் விமான நிலையத்தில் அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. நம்மைப் போல வரிசையில் நிற்கிற வீடுகளில் எல்லாம் இதே பாடம்தான். டிராஃபிக் டிக்கெட் வந்தால் தப்பு நம்முடையதில்லை என்றாலும் எதிர்த்துப் பேசாமல் முடித்துவிடு. பள்ளிக்கூட சாப்பாடு சரியில்லை என்ற மனுவில்கூடக் கையெழுத்துப் போடாதே. கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் நல்லவர்களாக இருந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். உன் அத்தா வேண்டாம் என்றபோது எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. பயம் என்னுடையதுதான். அதை அவர் வாயால் சொல்ல வைத்துக்கொண்டேன்.

என் அத்தா திண்டுக்கல்லில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர், கைநாட்டு. என் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். கல்லூரி விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டதை என் அத்தா மை காயும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையெழுத்தை எத்தனை ஃபாரங்களில், எத்தனை விசாக்களுக்காகப் போட்டிருக்கிறேன், எல்லாம் நமக்காக. வேறொருவர் தனக்காக அதைக் கேட்டது மெர்சி ஒருவர்தான்.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட அவர் வேறு வழி பார்த்திருப்பார். நான் அதையும் செய்யவில்லை. மைதானத்துக்கு வந்தால் காரை விட்டு இறங்காமல் ஃபோனில் பேசுவதுபோலக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. பிறகு உன்னைக் கூட்டிப்போகும்படி செந்தில் அங்கிள் வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மீட்டிங் என்றேன். "பானா நஸ்ரின், தயாரா?" என்று செய்தி வந்தது. வேலை அதிகம் என்று பதில் போட்டேன். இன்னொரு முறை வந்தது, பதில் போடவில்லை. மூன்றாவதாக, "பரவாயில்லை. ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்" என்று மட்டும் வந்தது. பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்காமலே அறிந்துகொள்வதை ஆயுள் முழுக்கப் பழகியவர் அவர். காருக்குள் ஒளிந்தவளையா தெரியாமல் இருந்திருக்கும்? பட்டியல் கையெழுத்தில்லாமலே போயிற்று. சில மாதங்கள் கழித்து மறுத்துவிட்டார்கள். என் கையெழுத்து இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காமலும் போயிருக்கலாம். தெரியாது என்பது எனக்குச் சாதகமாக இல்லை. ஐந்து வருடமாக அது அப்படியே என்னோடு இருக்கிறது.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் நம் வாசலில் மணி அடித்தது. நீ பள்ளியில் இருந்தாய். நான் மாடியில் வேலையில் இருந்தேன். ஃபோனில் வாசல் கேமராவைத் திறந்தேன், மெர்சி நின்றுகொண்டிருந்தார். மைதான உடுப்பு இல்லை, நல்ல கவுன் போட்டிருந்தார். கையில் நீல நிற ஃபைல். நான் எழுந்திருக்கவில்லை, நஸ்ரின். பதினாலு படி இறங்கினால் கதவு. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, உள்ளங்கையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை அவர் மணி அடிக்கவில்லை. கேமராவைப் பார்த்துப் பேசினார். "நீங்கள் வேலையில் இருப்பீர்கள் என்று தெரியும், பானா நஸ்ரின். இது உங்கள் உழைப்பு, உங்களிடமே இருக்கட்டும். என் நம்பர் நைனிடம் சொல்லுங்கள், நான் வந்தேன் என்று. அவளிடம் சொல்லிக்கொள்ளத்தான் வந்தேன் என்று." உன் ஜெர்சி எண்ணைச் சொல்லித்தானே உன்னைக் கூப்பிடுவார். ஃபைலைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார். நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "நீ ஏன்மா கதவைத் திறக்கல?" என்று கேட்பாய். கோச்சுகள் பிள்ளைகளுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்பது கிளப்பின் விதி. எல்லாம் என் ஃபோன் வழியாகத்தான். நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரிய வழியே இல்லை. கனடாவில் நல்ல வேலை கிடைத்துவிட்டது, அவசரமாகப் போய்விட்டார் என்றேன். "வித்தவுட் ஈவன் சேயிங் பை?" என்று கேட்டாய். நான் தோளைக் குலுக்கினேன். அந்தத் தோள் குலுக்கலை நான் பல முறை நினைத்துக்கொண்டேன். அடுத்த சீசன் பாதியிலேயே நீ பூட்ஸைக் கராஜில் போட்டுவிட்டு, இனிமேல் போகவில்லை என்றாய். நானும் அத்தாவும் நல்லதாய்ப் போயிற்று, படிப்பைப் பார்க்கட்டும் என்று பேசிக்கொண்டோம். கேமராவில் அந்தக் காட்சி அறுபது நாள் இருந்தது. தினமும் ஒரு முறையாவது பார்த்தேன். அறுபத்தோராவது நாள் தானாகவே அழிந்துவிட்டது. இப்போது அதைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

அந்த நீல ஃபைல் நம் அலமாரியில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டுகளும் விசாக் காகிதங்களும் இருக்கிற பெட்டியில், வீடு தீப்பிடித்தால் முதலில் எடுக்க வேண்டியது என்று உன் அத்தா சொல்கிற பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடியில். இன்று அதை வெளியே எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசை சேர்த்திருக்கிறேன். ஒன்று, ஈஸ்ட் பிரன்ஸ்விக் டவுன்ஷிப் மைதானம், அப்பாக்களுக்கு எதிராக, வலது கால், உன் அத்தா பின்னால் திரும்புவதற்குள். இன்னொன்று கோல் இல்லை. நம் வாசல், மதியம், மெர்சி வந்தார், நஸ்ரினிடம் சொல்லிக்கொள்ள வந்தார். இரண்டுக்கும் பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். வக்கீல் அன்று அனுப்பிய உறுதிமொழித் தாளும் ஃபைலில்தான் இருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி அது எந்த ஆபீஸிலும் செல்லாது. மெர்சியிடம் கொடு. அவர் அதைக் கிழித்துப் போட்டாலும் சரி.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன்னிடம் யாராவது எதையாவது கேட்டால், முடியும் என்றாலும் முடியாது என்றாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். கூச்ச சுபாவம் நல்ல குணம் என்று என்னை எல்லோரும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதற்குள் என்னென்ன ஒளித்துவைக்கலாம் என்று எனக்குத்தான் தெரியும். உனக்கு என் கண்ணும் காதும் வந்திருக்கிறது. இது வர வேண்டாம். எந்தக் கார்டுக்காக நான் அந்தக் கையெழுத்தைப் போடாமல் காத்தேனோ, அது இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்று புரிகிறது. இதைப் பெட்டியில் ஸ்வெட்டருக்கு அடியில் வைப்பதும், அன்று மாடியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்ததும் ஒன்றுதான். நீ கால்கரியில் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து இதைப் படிப்பாய்; நான் இங்கே உன் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்வேன். வேண்டாம். ஃபைலை மட்டும் பெட்டியில் வைக்கிறேன். கடிதத்தை உன் கையில் கொடுக்கிறேன், இன்றைக்கே. நீ படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். புரியாத வார்த்தை இருந்தால் கேள். வேறு எது கேட்டாலும் பதில் சொல்கிறேன். ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாலும், நாளை விமான நிலையம் வரை என்னோடு பேசாமல் வந்தாலும், நான் இறக்கிவிட வருவேன்.

வெளியே அத்தாவின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. உன் கை நிறையப் பைகள் இருக்கும். சாவியை எடுக்காமல் முழங்கையால் மணி அடிப்பாய். நான் படி இறங்குகிறேன்.

அம்மா